தண்ணீரும் சான்றிதழும்: ஞானஸ்நானம், விசுவாசம், இரட்சிப்பு



நம் வாத்தியாரை அடக்கம் செய்த மாலையில், பந்தலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி எங்களிடம் கேட்டார்: “நாப்பது வருசமா பைபிள் படிச்சாரு. முழுக்கு வாங்கல. அவரு ரட்சிக்கப்பட்டாரா, இல்லியா?” எங்களுக்கு அன்று பதில் வரவில்லை. இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். நாங்கள் இறையியல் கல்லூரியில் படித்தவர்கள் அல்ல. சமூகவியல் படித்தவர்கள், இயக்கத்தில் இருப்பவர்கள். ஆனாலும் இந்தக் கேள்வியை போதகர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. ஏனென்றால் சேரியில் இருப்பவருக்கு ஞானஸ்நானம் என்பது வானத்துக் காரியமாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை. அது வீட்டுமனை, வேலை, சுடுகாடு எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு வருவது.

வாத்தியாரை உங்களில் பலருக்குத் தெரியும். படாளம் காலனியில் இரவுப் பள்ளி நடத்தியவர். பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போனவர். விடியற்காலையில் எழுந்து பைபிள் படிப்பார்; ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்; திருவிருந்து கொடுக்கும்போது எழுந்து வெளியே வந்துவிடுவார். “இன்னும் எத்தனை நாளைக்குக் கரையிலேயே நிப்பீங்க?” என்று ஒரு போதகர் கேட்டதற்கு அவர் சொன்னது எங்களுக்கு நினைவிருக்கிறது: “ஊர்க் கிணத்துல எறங்க எங்கப்பாவை விடல ஐயா. நீங்க ஆத்துல எறங்கச் சொல்றீங்க. எறங்குறேன். மேல ஏறி வந்தா நான் யாருன்னு கவர்மெண்ட் கேக்குமே, அதுக்கு என்ன சொல்ல?” அவர் இறந்தபோது, சபைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. காலனி இடுகாட்டில்தான் அடக்கம் செய்தோம்.

முதலில் இறையியல் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். கிறிஸ்தவத்துக்குள் இதில் ஒரே பதில் கிடையாது. பவுலின் நிருபங்களில் அழுத்தம் கிருபையின்மீது இருக்கிறது: மனிதன் தன் செயலால் மீட்படைவதில்லை, கடவுள் இலவசமாகத் தருவதை விசுவாசத்தால் பெற்றுக்கொள்கிறான். மாற்கு நற்செய்தியின் முடிவுப் பகுதியிலோ விசுவாசமும் ஞானஸ்நானமும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் அங்கேயே கூர்ந்து பாருங்கள்: தண்டனைக்குக் காரணமாகச் சொல்லப்படுவது விசுவாசிக்காததுதான், முழுக்குப் பெறாதது அல்ல. சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்வனுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அவனுக்குத்தான் பரதீசு முதலில் வாக்களிக்கப்பட்டது.

பழைய திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கு முன் நீண்ட பயிற்சிக் காலம் உண்டு. அந்தப் பயிற்சியில் இருந்தபோதே ஒருவர் செத்துப்போனால் என்ன செய்வது? நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் இந்தச் சிக்கலை நேரில் சந்தித்தார். இளம் பேரரசன் இரண்டாம் வாலண்டினியன் 392இல் முழுக்குப் பெறாமலே இறந்தான். அவன் அதை விரும்பினான், விரும்பியதே போதும் என்று அம்புரோஸ் இரங்கலுரையில் வாதிட்டார். ‘ஆசையால் பெறும் திருமுழுக்கு’ என்ற கத்தோலிக்கக் கருத்து இப்படி வளர்ந்ததுதான். திருமுழுக்கு மீட்புக்கு அவசியம் என்று 1547இல் அறுதியிட்ட திரெந்து சங்கமும் அந்த ஆசைக்கு இடம் விட்டே வைத்தது. பேரரசனுக்குக் கிடைத்த சலுகையை எங்கள் வாத்தியாருக்கும் கொடுங்கள் என்று கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் அல்ல.

சீர்திருத்தச் சபைகள் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தன. லூத்தருக்கு, தண்ணீர் தானாக எதையும் செய்வதில்லை. தண்ணீரோடு சேர்ந்திருக்கும் கடவுளின் வாக்கும் அதைப் பற்றிக்கொள்ளும் விசுவாசமும்தான் செய்கின்றன. ஆனாலும் அவர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை விடவில்லை. குழந்தைக்கு ஏது விசுவாசம் என்று கேட்டவர்கள் 1525இல் சூரிச் நகரில் பெரியவர்களுக்கு மறுபடி முழுக்குக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527இல் நகர ஆட்சி ஆற்றில் மூழ்கடித்தே கொன்றது. தண்ணீரைப் பற்றிய தகராறுக்குத் தண்ணீராலேயே தண்டனை. இன்று நம் ஊர்களில் பெந்தெகொஸ்தே சபையார் பாலாற்றிலோ கடலிலோ மூழ்கி எடுப்பதற்கும், தென்னிந்தியத் திருச்சபையார் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பதற்கும் பின்னால் இந்த வேறுபாடுதான் இருக்கிறது. குழந்தை ஞானஸ்நானத்தின் பொருள்: கிருபை முந்துகிறது, விசுவாசம் பிறகு வரும். பெரியவர் முழுக்கின் பொருள்: விசுவாசம் முந்துகிறது, தண்ணீர் அதற்குச் சாட்சி.

செங்கல்பட்டுக்காரர்களான நமக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. இங்கே வேலை செய்த பெரிய மிஷன் ஸ்காட்லாந்துச் சபையினுடையது. அந்தச் சபையின் அடிப்படை ஆவணம் 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை. ஞானஸ்நானத்தை அலட்சியம் செய்வது பெரிய பாவம் என்று சொல்லும் அதே அறிக்கை, அது இல்லாமல் ஒருவருமே மீட்படைய முடியாது என்ற அளவுக்குக் கிருபையை அதோடு கட்டிப்போடக் கூடாது என்றும் சொல்கிறது. ஞானஸ்நானம் பெற்ற எல்லாருமே மறுபிறப்பு அடைந்தவர்கள் என்றும் கொள்ளக் கூடாது. ஆக, மூதாட்டியின் கேள்விக்குப் பதில், இந்த மாவட்டத்துக்கு வந்த மிஷனின் சொந்த ஏட்டிலேயே இருந்திருக்கிறது. முழுக்கு வாங்காததை வைத்து மட்டும் வாத்தியாரைத் தள்ள முடியாது. இறையியல் அளவில் கேள்வி இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆனால் நம் மக்களிடம் யாரும் இறையியல் கேள்வி கேட்கவில்லை. வேறொரு கேள்விதான் கேட்டார்கள்: “நீ உண்மையிலேயே விசுவாசிக்கிறாயா, இல்லை எதையாவது எதிர்பார்த்து வருகிறாயா?” இதைப் பற்றித்தான் நாங்கள் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறோம்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். பண்ணையடிமை முறை, கடன் கட்டு, குடியிருக்கும் மனைகூட மிராசுதார் கையில் இருப்பது, நினைத்த நேரத்தில் குடிசையைப் பிரித்துத் துரத்துவது எல்லாம் அதில் இருந்தன. 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணைகளும், பின்னாளில் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதும் அதன் தொடர்ச்சி. அதே ஆண்டுகளில் செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ பஞ்சமருக்கு நிலம் கேட்டு அரசோடு மல்லுக்கட்டினார். மெல்ரோசாபுரம், ஆண்ட்ரேயபுரம் என்ற குடியேற்றங்களை உருவாக்கினார். மிராசுதார்கள் என்ன சொன்னார்கள்? ‘இவர்கள் நிலத்துக்காக வேதத்தில் சேர்கிறார்கள்’ என்றார்கள். அதிகாரிகளில் பலரும் அதையே சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், மிஷனரிகளுக்கும் இதே பயம் இருந்தது. ‘பொருளாசையால்’ வருகிறவரா, ‘ஆன்ம தாகத்தால்’ வருகிறவரா என்று சோதிக்க ஞானஸ்நானத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த மாவட்டத்துச் சான்றுகளைக் கொண்டே இதை விரிவாகப் பேசுகிறது. மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

இந்தச் சோதனை எவ்வளவு பொய்யானது என்பதற்கு நமக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. மாமல்லபுரம் கரையோரம் ஓடும் பக்கிங்காம் கால்வாயை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை வரும் அதே கால்வாய்தான். 1877 பஞ்சத்தில் ஓங்கோல் பகுதியில் அதன் ஒரு பகுதியை, ஏறக்குறைய மூன்றரை மைல், வெட்டும் ஒப்பந்தத்தை ஜான் கிளவ் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி எடுத்தார். பட்டினியில் இருந்த மாதிகா மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கட்டும் என்று. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக் கூடாதென்று பஞ்ச காலம் முழுக்க அவர் ஒருவருக்கும் முழுக்குக் கொடுக்கவில்லை. நிவாரணம் நின்றது. கூலி நின்றது. அதன் பிறகு, 1878 ஜூலை 3 அன்று, ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் இறங்கினார்கள். கொடுப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லாத நேரத்தில் வந்தவர்கள் அவர்கள். எதற்காக வந்தார்கள்? அந்தப் பஞ்சத்தில் தங்களை ஆள் என்று மதித்தவர் பக்கம் வந்தார்கள் என்பது எங்கள் கணிப்பு. இதை ஆன்மிகம் என்பீர்களா, பொருளாசை என்பீர்களா? சேரி வாழ்க்கையில் இந்த இரண்டையும் பிரிக்கும் கத்தி கிடையாது. மானத்தோடு ஒரு வாய் சோறு என்பதில் எது ஆன்மா, எது வயிறு?

விவிலியத்திலேயே இதற்கு ஒரு அருமையான காட்சி உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் ஓர் எத்தியோப்பிய மந்திரி வருகிறார். அண்ணகர். உடல் குறையைக் காட்டி இஸ்ரவேலின் சபைக்குள் சேர்க்கக் கூடாது என்று பழைய சட்டம் விலக்கிவைத்த வகையைச் சேர்ந்தவர். வழியில் தண்ணீரைப் பார்த்ததும், நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று பிலிப்புவிடம் கேட்கிறார். கேள்வியின் அமைப்பைக் கவனியுங்கள்: தகுதி இருக்கிறதா என்று கேட்கவில்லை, தடை என்ன என்கிறார். வாழ்நாள் முழுக்கத் தடுக்கப்பட்டவன் கேட்கும் கேள்வி அது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அடுத்த வசனம், 37ஆவது, முழு இருதயத்தோடு விசுவாசித்தால் தடையில்லை என்று பிலிப்பு நிபந்தனை போடுவதாகச் சொல்கிறது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனமே இல்லை. பின்னால் யாரோ சேர்த்தது என்பது அறிஞர்கள் முடிவு. தடை என்ன என்று கேட்டவரோடு பிலிப்பு பேசாமல் தண்ணீரில் இறங்குகிறார். உண்மை விசுவாசமா என்ற சோதனை அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது!

சரி, தண்ணீரில் இறங்கினவர்களுக்கு என்ன நடந்தது? தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707இல் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது டேனியர் வீட்டு அடிமைகளுக்கு. ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதன் நேரான பொருள் அங்கே நின்றுகொண்டிருந்தது. ஆனால் கொஞ்ச காலத்தில் ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கம் இருக்கை வந்துவிட்டது. பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டை ஆலயத்திலிருந்து உடனே அகற்ற உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் சபையைவிட்டு வெளியேறத் தயாரானார்கள். சாதியை விடத் தயாராகவில்லை. இத்தனை கீர்த்தனைகள் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அவர்கள் பக்கம் நின்று வாதாடினார். போதகரையே ‘ஐயர்’ என்று அழைத்த சபை அல்லவா நம்முடையது. வெகு தூரம் போக வேண்டாம். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதற்காகத் தாக்கப்பட்டார்கள். அந்தக் கலவரத்தின் முடிவில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் ஒரே திருமுழுக்கைப் பெற்றவர்கள். மதம் மாறியவர்கள் பழைய கொடுமையைச் சபைக்குள் எதிர்த்துப் போராடாமல் இருக்கிறார்கள் என்று அம்பேத்கர் கடுமையாக எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அது சபைத் தலைமைக்குப் பொருந்தும். எறையூர் மக்களுக்குப் பொருந்தாது.

இப்போது அரசின் கதைக்கு வருவோம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். பட்டியல் சாதி ஒதுக்கீடு போகும். தனித்தொகுதியில் நிற்கும் உரிமை போகும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகும். அடித்தவன் உன் மதத்தைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை என்பது சட்டத்துக்குத் தெரியாது.

நீதிமன்றங்களுக்கு இது தெரியாமலும் இல்லை. இராசிபுரம் தனித்தொகுதி வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறினாலும் சாதியின் முத்திரை அழிவதில்லை என்ற பொருளில் பேசியது. இரண்டு ஆண்டுக்குள், சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி, மற்றவர்களுக்குக் கொடுக்கும் பெட்டிக்கடையை எனக்கும் கொடுங்கள் என்று போனபோது, கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதை நீ நிரூபி என்று சொல்லி அனுப்பிவிட்டது. அதற்குள் சாதி மறைந்துவிட்டதா என்ன? 2007இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2004இல் தொடுத்த வழக்கு இழுத்துக்கொண்டே போனது. இடையில் 2022இல் இன்னொரு ஆணையம்.

2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நாம் இறையியல் கண்ணோடு படிக்க வேண்டும். அவர் குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர். தான் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். ஞானஸ்நானமும் ஆலயத்துக்குப் போவதும் அவர் கிறிஸ்தவர் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன. உண்மையான நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கீட்டுக்காக மட்டும் மத அடையாளம் கோருவது அரசமைப்பின்மீதான மோசடி என்றது நீதிமன்றம். அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்பது நமக்குத் தேவையில்லை. ஆனால் இரண்டு விஷயம் நெருடுகிறது. ஒன்று, குழந்தை ஞானஸ்நானத்தின் பொருளே குழந்தை எதையும் அறிக்கையிடவில்லை என்பதுதான். அதனால்தான் வளர்ந்த பிறகு திடப்படுத்தல் என்று தனியாக ஒரு சடங்கை வைத்திருக்கிறார்கள். சபைக்குக் கிருபையின் அடையாளமாக இருப்பது நீதிமன்றத்தில் மதத்தின் பதிவுச்சீட்டாக மாறிவிடுகிறது. இரண்டு, 1890களில் மிராசுதார் கேட்ட அதே கேள்வி, உண்மையாக நம்புகிறாயா, ஆதாயத்துக்காகவா, இப்போது சட்ட மொழியில் திரும்பி வந்திருக்கிறது. பங்களாவில் வளர்ந்த கிறிஸ்தவரிடம் இதை யாரும் கேட்பதில்லை.

மறைந்த அறிஞர்களும் இதைச் சுற்றி வந்திருக்கிறார்கள். சென்னையில் செஞ்சையா போன்றவர்கள் 1938இல் ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். ஞானஸ்நானமும் சபையும் இல்லாமலே கிறிஸ்துவைப் பின்பற்ற முடியும் என்ற வாதம் அந்த வட்டத்திலிருந்து வந்தது. எம். எம். தாமஸ், சென்னைப் பேராயராக இருந்த நியூபிகினோடு எழுபதுகளில் இதை விவாதித்தார். காணக்கூடிய சமூகம் இல்லாமல் விசுவாசம் நிற்காது என்றார் நியூபிகின். ஹெர்பர்ட் ஹோஃபரின் ஆய்வு, 1991இல் வெளியானது, தமிழ்நாட்டில் முழுக்குப் பெறாமல் கிறிஸ்துவை நம்புகிறவர்கள் எவ்வளவு பேர் என்று காட்டியது. இவையெல்லாம் நல்ல உரையாடல்கள். ஆனால் பெரும்பாலும் உயர்சாதி இந்து ஒருவர் குடும்பத்தைவிட்டு வெளியேறாமல் இயேசுவை நேசிப்பது எப்படி என்பதே அவற்றின் கவலை. சாதிச் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் ஆள் அங்கே அதிகம் தென்படவில்லை. அவரைப் பேச வைத்தவர்கள் அரவிந்த் நிர்மலும் ‘பரட்டை’ தியோபிலஸ் அப்பாவுவும். திருவிருந்தை ஒரே உலையில் பொங்கிய சோறாகப் பார்த்தார் அப்பாவு. அதையே நீட்டி, ஞானஸ்நானத்தை ஒரே நீர்நிலையாகப் பார்க்கலாமே என்று எங்களுக்குத் தோன்றும். 1927இல் மகாத் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் கையில் அள்ளியது, 2022இல் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது, இரண்டுக்கும் நடுவே வாழ்கிறவர்கள் நாம். நமக்குத் தண்ணீரைவிடப் பெரிய இறையியல் எது? சாதி பார்க்காத ஒரு தண்ணீர் உண்டு என்றுதான் நம் பாட்டன்கள் நம்பி இறங்கினார்கள். அதைப் பொருளாசை என்று சொன்னவர்கள் தண்ணீர் தடுக்கப்பட்டதை அறியாதவர்கள்.

1994 அக்டோபர் 10 அன்று, இதே மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்த இரண்டு பேரின் பெயர்களை நாம் ஆண்டுதோறும் சேர்த்துத்தான் சொல்கிறோம்: ஜான் தாமஸ், ஏழுமலை. பெயர்களைப் பாருங்கள். நிலம் கேட்கும்போது அவர்களை மூன்றாம் பத்தி பிரிக்கவில்லை. குண்டும் பிரிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. வாத்தியாரின் இரவுப் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி போன மாதம் எங்களிடம் வந்தாள். வரும் ஈஸ்டருக்கு முழுக்கு எடுக்க ஆசை, ஆனால் தேர்வாணையத் தேர்வுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன், என்ன செய்யட்டும் என்றாள். எடு என்றோ எடுக்காதே என்றோ நாங்கள் சொல்லவில்லை. எடுத்தால் சான்றிதழில் எந்த எழுத்து மாறும், எந்தெந்தப் பாதுகாப்பு போகும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். எடுக்காவிட்டாலும் கடவுள் அவளைத் தள்ளிவிடுவார் என்று எந்தச் சபையின் பழைய ஏடும் சொல்லவில்லை என்பதையும் எழுதிக் கொடுத்தோம். தாளை மடித்து வாத்தியார் கொடுத்த பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். “அவரு புதைச்ச இடத்துக்கு வேலி போடணும்ணா, மாடு மேயுது” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வேலிக்குத்தான் இன்று வாசலில் உண்டியல் வைத்திருக்கிறோம்.